நீர்நாய்க் கப்பலின் மதினி

எங்கள் கப்பலில் கைதிகளை அடைத்திருந்த கீழ்த்தளத்தில் மறைப்பு என்று ஒன்றும் கிடையாது. வெளிக்குப் போகச் சுவரோரமாக வாளிகள் வைத்திருப்பார்கள். எல்லாரும் பார்க்க அதில்தான் உட்கார வேண்டும். அங்கே ஒரு கிழட்டு இங்கிலீஷ் மாலுமி வயிற்றுக்கடுப்பில் கிடந்தான். நோயைவிட வெட்கம்தான் அவனைக் கொன்றுவிடும் போலிருந்தது. நானும் ஹின்ரிக்கும் சூப்புப் பானையைக் கீழே இறக்கும்போது, ஹின்ரிக் தோளில் ஒரு பாய்த்துணியைப் போட்டுக்கொண்டு வருவான். பானையை வைத்ததும் வாளிப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நிற்பான். கிழவனின் சத்தம் யார் காதிலும் விழாதபடி ஒரு ஞானப்பாட்டை உரக்கச் சீட்டியடிப்பான். ஒரு நாள் அந்தத் துணியை மறந்துவிட்டவன் மாதிரி அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு ஏறி வந்தான். காவலுக்கு நின்றவன் என்னவென்று கேட்டான்.

"ஈரம் காயட்டும்னு போட்டிருக்கேன்" என்றான் ஹின்ரிக்.

அந்தத் துணி கடைசி வரைக்கும் காயவே இல்லை.

ஹின்ரிக் லோரென்சனும் நானும் ஒரே ஊர். கீல் துறைமுகத்துக்கு வடக்கே, மீனைப் புகைபோட்டு விற்கிற ஊர். அவன் தையல்காரன். நான் ரொட்டிச் சூளையில் வேலை பார்த்தவன். இங்கிலீஷ்காரனோடும் பிரெஞ்சுக்காரனோடும் சண்டை தொடங்கின மூன்றாம் வருஷம் எங்கள் இரண்டு பேரையும் நீர்நாய் என்ற கப்பலில் ஏற்றினார்கள். என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். அவனைக் கொடி தைக்க வைத்தார்கள்.

நீர்நாய் போர்க்கப்பல்தான், ஆனால் பார்த்தால் தெரியாது. முன்பு வாழைப்பழம் ஏற்றின கப்பல் அது. பீரங்கிகளைப் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தோம். புகைபோக்கியை நீட்டுவோம், குறுக்குவோம், ஒரு வாரம் கறுப்புப் பூசுவோம், மறுவாரம் மஞ்சள் பூசுவோம். சண்டையில் சேராத ஸ்வீடன்காரன் கொடி, நார்வேக்காரன் கொடி எல்லாம் ஹின்ரிக் கையால் தைத்தவை. எதிரி நாட்டுச் சரக்குக் கப்பல் கண்ணில் பட்டால் அப்பாவி மாதிரி பக்கத்தில் போவோம். நெருங்கினதும் பொய்க்கொடி இறங்கும், எங்கள் கொடி ஏறும், பலகைகள் விழும், பீரங்கி வெடிக்கும். சொந்தக் கொடி ஏறாமல் சுடக்கூடாது என்பது கடல்சண்டைச் சட்டம். கொடி ஏறுவதற்கும் குண்டு போவதற்கும் நடுவில் ஆமென் சொல்லக்கூட நேரம் இருக்காது. ஆனாலும் நாங்கள் சட்டம் மீறாதவர்கள் என்று எங்கள் அதிகாரிகளுக்கு ரொம்பப் பெருமை. சூப்பில் செத்துக் கிடந்த எலியை வாலைப் பிடித்து வெளியே போட்டுவிட்டு, இனி சூப்பு சுத்தம் என்பது போல.

சரக்குக் கப்பல் கேப்டன்கள் சில பேர் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போவதுண்டு. மேல்தளத்தில் ஒரு பெண் குழந்தையோடு நடந்தால் அது போர்க்கப்பல் என்று எவனுக்குச் சந்தேகம் வரும்? எங்கள் முதல் அதிகாரி ஷ்ட்ரூவேவின் யோசனை அது. மீசை ஒழுங்காக முளைக்காதவன், ஒடுங்கின இடுப்புக்காரன், தனக்குத் தானே தைத்துக்கொள்ளத் தெரிந்தவன் ஒருவன் கப்பலில் இருந்தான். வேறு யாரைத் தேடுவார்கள்? ஹின்ரிக் ஒரு நீலப் பாவாடையும் ரவிக்கையும் தைத்தான். தச்சன் சலவை வண்டிச் சக்கரத்தை வைத்துத் தள்ளுவண்டி செய்தான். தொப்பி போட்ட மணல்மூட்டைதான் குழந்தை.

அன்றிலிருந்து அவன் பேர் மதினி.

"மதினி, அண்ணன் எங்க? இன்னும் எந்திரிக்கலையா?" என்று கொதிகலன் அறையிலிருந்து ப்ரோடர் தலையை நீட்டுவான். மார்பு வரைக்கும் தாடி தொங்கும் கறுத்த தடியன்.

"உன் சம்பளத்துல எவ்வளவு பிடிக்கலாம்னு உக்காந்து யோசிக்காரு, போலே உள்ள."

"பிள்ளை அப்பன் ஜாடையா, அம்மா ஜாடையா?"

"தலைக்குள்ள வெறும் மண்ணா இருக்குல்லா, உன் ஜாடைதான்."

கப்பலே சிரிக்கும். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். ஹின்ரிக்கும் அந்த நாட்களில் வெறுப்பில்லாமல்தான் உடுத்தினான். தன்னைப் பார்த்து ஏமாந்து நிற்கிற கப்பல் சண்டை போடாமல் சரணடைகிறது, ஆட்கள் பிழைக்கிறார்கள் என்று நம்பினான். முதலில் பிடித்த கப்பல்களில் அப்படித்தான் நடந்தது.

நடந்த பிறகு நாங்கள் செய்ததைத்தான் சொல்லக் கூசுகிறது. பிடித்த கப்பலை மூழ்கடிக்கும் முன்னால் அதை வழித்துத் துடைப்போம். பன்றியையும் கோழியையும் அவிழ்ப்போம். யார் யாருடைய பெட்டியையோ உடைப்போம். அடுத்தவன் கால்வியர்வை காயாத காலுறையை உதறிப் போட்டுக்கொள்வான் ஒருவன். இன்னொருவன் கீழ்த்தளத்தில் கைதியாக இருக்கிறவனின் கல்யாணப் படத்தைச் சட்டத்திலிருந்து கிழித்தெறிந்துவிட்டு வெள்ளிச் சட்டத்தைப் பையில் போடுவான். பிறகு எல்லாரும் வாயில் கொழுப்பு வழிய அந்தப் பன்றியைத் தின்போம். தின்னும் முன்னால் கைகூப்பி ஜெபமும் பண்ணுவோம். கர்த்தர் அந்த ஜெபங்களை எந்தக் குப்பையில் எறிந்தாரோ.

தெற்கு அட்லாண்டிக்கில் ஒரு மத்தியானம், வெடியுப்பு ஏற்றி வந்த பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல் ஒன்று தென்பட்டது. எங்களைப் பார்த்ததும் அது திசை திருப்பி விலகிப் போகத் தொடங்கியது. எச்சரிக்கையான கேப்டன் போல. ஷ்ட்ரூவே ஹின்ரிக்கை மேலே ஏற்றினார். அவன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு கம்பியோரமாக நடந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கப்பலிலும் ஒரு பெண் ஓடி வந்து நிற்பது தெரிந்தது. துண்டை எடுத்து வீசிக் காட்டினாள். அப்புறம் பாய்கள் அசைந்தன. கப்பல் திரும்பி எங்களை நோக்கி வந்தது.

கொடி ஏறியது. முதல் குண்டு குறுக்கே கடலில் விழுந்தது. அந்த நேரத்தில் அவர்களுடைய கேப்டன் கப்பலின் பின்பக்கம் ஓடினார். அங்கே பாய்த்துணி போட்டு மூடின பெட்டி ஒன்று இருந்தது. நாங்கள் பீரங்கியை மூடி ஒளித்துத்தானே வைத்திருக்கிறோம்? திருடன் கண்ணுக்குப் பார்க்கிறவன் எல்லாம் திருடன். அதுவும் பீரங்கிதான் என்று எங்கள் பீரங்கிக்காரன் முடிவு கட்டினான். இரண்டாவது குண்டு அங்கேயே போய் விழுந்தது.

பெட்டியில் இருந்தவை கோழிகள். முதல் குண்டு விழுந்ததும் எதற்காகவோ ஓடின அந்தக் கேப்டனின் உடம்பும் கோழி இறகும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததாகப் படகில் போனவர்கள் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவன் கையில் கழுத்து முறித்த இரண்டு கோழி இருந்தது. குழம்புக்காம்.

துண்டு வீசின அந்தம்மாவை எங்கள் கப்பலில் ஏற்றினார்கள். மதாம் கெர்லோ என்று பேர். முன்துணி முழுக்கப் புருஷனின் ரத்தம். அழவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டரிடம் அவள் பாஷையில் என்னவோ கேட்டாள். டாக்டர் முகம் சிவந்துபோனது.

"என்ன கேக்குறா?" என்றார் ஷ்ட்ரூவே.

"உங்க கப்பல்ல ஒரு அம்மா இருக்காங்களே, என்னை அவங்ககிட்ட கூட்டிட்டுப் போயிடுங்கன்னு கேக்குறாங்க."

பின்னால் எவனோ மூக்கால் சிரித்தான்.

"இதுவும் நல்ல யோசனைதான்" என்றார் ஷ்ட்ரூவே. "லோரென்சன், போய் உடுத்திட்டு வா. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்க. வாயைத் திறக்காத, ஊமைன்னு சொல்லிக்கலாம். பாவம், அந்தம்மா மனசாவது ஆறும்."

ஹின்ரிக் அதற்குள் பாவாடையைக் கழற்றிவிட்டு மாலுமிச் சட்டைக்கு மாறியிருந்தான். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக அவள் முன்னால் போய் நின்றான்.

"டாக்டர் ஐயா, அந்த அம்மா நான்தான்னு சொல்லுங்க."

டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் நம்பவில்லை. அவன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். காதுக்குப் பின்னால் முகமாவு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவனைத் தொட்ட விரல்களை அந்த ரத்தத் துணியிலேயே துடைத்தாள். துடைத்துக்கொண்டே மெல்ல என்னவோ சொன்னாள். டாக்டர் அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றார். ஹின்ரிக் விடவில்லை.

"சொல்லுங்க ஐயா. எனக்குச் சொன்னதுதானே?"

"அவங்க வீட்டுக்காரர் நம்மளப் பாத்ததும் விலகிப் போயிடலாம்னுதான் கப்பலத் திருப்பினாராம். நாலு மாசமா இவங்க ஒரு பொம்பள முகம் பாக்கலையாம். ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போவோம்னு இவங்கதான் கெஞ்சினாங்களாம்."

அன்று மாலை பிரேதத்தைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்தவன் ஹின்ரிக். அவனுக்கு விதித்த வேலை அது. முடித்துவிட்டு என்னிடம் வந்தான். "நிஸ், சுடுதண்ணி இருக்கா?" என்றான். முழங்கை வரைக்கும் தேய்த்தான். தோல் சிவந்த பிறகும் தேய்த்தான். "போதும்லே" என்று நான்தான் வாளியை இழுத்துக்கொண்டேன்.

அவளுக்கு மேல்தளத்தில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். அவள் கப்பலிலிருந்து வந்த பெட்டிகள் எங்கள் ஆட்கள் கைக்குப் போயின. இரண்டு வாரம் கழித்து ஷ்ட்ரூவே தையல் அறைக்கு வந்து ஒரு சாம்பல்நிறப் பட்டு உடுப்பை ஹின்ரிக்கின் மடியில் போட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"அந்தப் பழைய நீலம் வெளுத்துப்போச்சு. இது நிஜப் பட்டு! கை மட்டும் கொஞ்சம் நீட்டிக்க. அடுத்த வேட்டைக்கு நீ மகாராணி மாதிரி இருப்ப."

"இது மதாமோட உடுப்பு ஐயா."

"அது முந்தி" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

ஹின்ரிக் உடுப்பை விரித்துப் பார்த்தான். அக்குளில் ஒரு வியர்வைக் கறை. இஸ்திரிப்பெட்டியில் கரி போட்டு ஊதினான்.

"என்னலே பண்ணுத?" என்றேன்.

"தேய்க்கேன். தெரியலையா?"

"போட்டுக்கப் போறியா?"

"உடையவங்க போட்டுக்குவாங்க."

தேய்த்து முடிக்கவில்லை, பாய்மர உச்சியிலிருந்து "புகை தெரியுது!" என்று கத்தினார்கள். எல்லாரும் அவரவர் இடத்துக்கு ஓடினோம். "மதினி எங்க? மதினியைக் கூப்பிடு!" என்று ஒரே கூச்சல். ஹின்ரிக் உடுப்பை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு, அந்தக் கூச்சலுக்கு நடுவே நிதானமாக நடந்து போய் மதாமின் அறைக்கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். உடுப்பை வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசாமல் அவன் முகத்தில் அடிக்கிறது போலக் கதவைச் சாத்தினாள். நன்றியை எதிர்பார்த்து அவன் போகவில்லை. அங்கேயே திரும்பி நின்று, ஓடி வந்த ஷ்ட்ரூவேவிடம் சொன்னான்.

"இனிமே நான் உடுத்த மாட்டேன் ஐயா."

கேப்டனிடம் கொண்டுபோனார்கள். எங்கள் கேப்டன் கத்துகிறவர் இல்லை. வாசலில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"லோரென்சன், யோசிச்சுப் பேசு. உன்னைப் பாத்து நிக்கிற கப்பல நான் சுட வேண்டியதில்ல. நீ இல்லேன்னா சுடணும். நீ உடுத்துறதுனால உயிர் தப்புது."

"முன்னாடி நானும் அப்படித்தான் ஐயா நெனச்சேன்."

"சண்டை நேரத்துல உத்தரவை மீறினா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. சுடணும்னா நம்ம கொடியைத் தூரத்துலயே ஏத்திட்டுச் சுடுங்க. பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் குடுன்னு சொல்லுங்க, குடுக்கேன். பொம்பளயா நின்னு கூப்பிட மாட்டேன்."

அவனைக் காவலில் வைத்தார்கள். அவசரத்தில் ப்ரோடருக்குத் தாடியை வழித்து அந்த வெளுத்த நீலப் பாவாடையைச் சுற்றி மேலே ஏற்றினார்கள். பாவாடை முதுகில் மூடவில்லை. பச்சை குத்தின கையால் தள்ளுவண்டியை உழுகிற கலப்பை மாதிரி தள்ளினான். வந்த கப்பல்காரன் தொலைநோக்கியில் பார்த்திருப்பான் போல. வாலைத் திருப்பிக்கொண்டு கம்பியில்லாத் தந்தியில் அலறத் தொடங்கினான். நாங்கள் சுட்டோம். தந்தி அறை போனது. உள்ளே இருந்த இரண்டு பேரும் போனார்கள். ஒருவனுக்கு என் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும்.

"உன் மானத்துக்கு ரெண்டு உசிருலே" என்று ப்ரோடர் காவலறைக் கதவில் காறித் துப்பினான். துப்பினவன் வழித்த தாடையோடு, அந்தப் பாவாடையோடே நின்றிருந்தான். அந்த இரண்டு பேரையும் பாய்த்துணியில் வைத்துத் தைக்க ஹின்ரிக்கைத்தான் வெளியே விட்டார்கள். தைத்துவிட்டு உள்ளே போனான். கேப்டன் சொன்னது பொய்யா என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். பொய் இல்லை. ஹின்ரிக் சொன்னதும் பொய் இல்லை. எந்தப் பக்கம் கை வைத்தாலும் ஒட்டுகிற மலம்தான் அந்தப் பிழைப்பு. இதற்குமேல் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

பனிக்காலம் முடியும் தறுவாயில் கீல் துறைமுகத்துக்குத் திரும்பினோம். பேண்டு வாத்தியம், கொடி, பூ. கரையில் நின்ற ஜனங்கள் பஞ்சத்தில் டர்னிப் கிழங்கையே தின்று தின்று குச்சியாய் இருந்தார்கள். எங்கள் தோளில் மூட்டை மூட்டையாகக் கொக்கோவும் டின் நண்டும். நெஞ்சில் ஆளுக்கொரு இரும்புச் சிலுவைப் பதக்கம். கர்த்தர் சுமந்த சிலுவையை இதற்கெல்லாம் குத்திவிடுகிறார்களே என்றிருந்தது எனக்கு.

கடற்படை அலுவலகத்தார் ஹின்ரிக்குக்கு ஒரு வழி சொன்னார்கள். நகர நாடகக் கொட்டகையில் நீர்நாயின் வீரம் என்று ஒரு காட்சி போடுகிறார்கள். சீமாட்டிகளும் அமைச்சர்களும் வருகிறார்கள். ஹின்ரிக் பாவாடை கட்டிக்கொண்டு தள்ளுவண்டியோடு ஒரே ஒரு தரம் மேடையில் நடந்தால் போதும். உத்தரவை மீறினதை யாரும் எழுத மாட்டார்கள். வெற்றிக் கப்பலின் கதையில் அந்தக் கறை வேண்டாம் என்று அவர்களுக்கும் ஆசை.

அவனை இணங்க வைக்கக் கடற்படை பாஸ்டர் வந்தார். நானும் கூட இருந்தேன். நல்ல மனிதர். கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"மகனே, இதுல சூது ஒண்ணும் இல்ல. மேடைதானே? வர்ற வசூல் முழுக்க விதவைகளுக்கு."

"எந்த விதவைங்களுக்கு ஐயா?" என்றான் ஹின்ரிக்.

ஜன்னலுக்கு வெளியே, துறைமுக வாசலில் கைதிகளை முகாமுக்கு நடத்திக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சாம்பல்நிறப் பட்டு உடுத்தின ஒருத்தி அந்த வரிசையில் தலை நிமிர்ந்து போனாள். பாஸ்டர் அதைப் பார்த்தாரோ என்னவோ, கையை விட்டுவிட்டார்.

நான் வெளியே வந்து அவனைத் திட்டினேன். "ஒரே ஒரு தரம்லே. யாரும் சாகப்போறதில்ல. அஞ்சு நிமிஷம் நடந்துட்டு ஊரைப் பாத்துப் போயிரலாம்."

"அவங்க சிரிப்பாங்க நிஸ்" என்றான். "அந்தம்மா துண்டு வீசினதையும் ஒருத்தன் நடிச்சுக் காட்டுவான். அதுக்குத்தான் ரொம்பச் சிரிப்பாங்க."

மேடையில் ப்ரோடர்தான் நடந்தான். துண்டு வீசுகிற இடத்தில் கொட்டகை அதிர்ந்தது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். நான் போகவில்லை.

ஹின்ரிக்கின் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு வருஷம் கோட்டைச் சிறை போட்டார்கள். அந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்தபோது சிறையிலேயே செத்துப்போனான் என்று பிறகு தகவல் வந்தது. எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எந்த முரட்டுத்துணியில் யார் தைத்தார்களோ. ஞாயிற்றுக்கிழமைகளில், இறந்தவர்களுக்காக ஜெபிக்கும்போது எங்கள் ஊர்ப் பாஸ்டர் சண்டையில் செத்த எல்லாரையும் பேர் சொல்வார். அவன் பேர் வராது. அந்த இடத்தில் நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவனைக் கோட்டைக்குக் கொண்டுபோன நாளில் ரயிலடிக்குப் போய் நின்றேன். இரண்டு காவலர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. கொள்ளையில் என் பங்குக்கு வந்ததில் ஒரு சாக்லேட் கட்டியும், பாதி ரொட்டியில் பன்றிக்கொழுப்புத் தடவினதும் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதை வெளியே எடுத்ததும் காவலர்கள் இரண்டு பேரும் எச்சில் விழுங்கினார்கள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதை அவன் மடியில் வைத்தேன்.

"தின்னுலே. வழி தூரம்."

அவன் அதைத் தொடவில்லை. கோபமும் இல்லை அவன் முகத்தில். பொட்டலத்தை மெல்ல எடுத்துப் பக்கத்துக் காவலன் கையில் கொடுத்தான். ரயில் அசைந்தபோது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னான்:

"முதல்ல எனக்குப் பசிக்கட்டும் நிஸ். பசின்னு ஒண்ணு திரும்ப வந்தா, நானே உன்கிட்ட கேட்டு வாங்கிக்கிடுதேன்."